கடல் யாருக்கு விலக்கப்பட்டது?

பெருங்கப்பலில் குடும்பத்தோடு நான்கு நாள் உலாச் சென்று வருவது கூடுமா, கூடாதா என்னும் கேள்வி ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இப்பொழுது அடிக்கடி எழுகின்றது. கேள்வி எழுவதில் பிழையில்லை. மார்க்கத்தைப் பொருட்படுத்தும் மக்கள் கேட்டுத் தெளிவது நன்றே. ஆனால், கேட்டவர்களுக்குக் கிடைக்கும் விடைதான் நமக்கு நிறைவு தரவில்லை. 'கூடாது' என்ற ஒரே சொல்லில் கதவை அடைத்து விடுகின்றார்கள். ஏன் கூடாது என்று மறுபடி கேட்டால், மது இருக்கின்றது, சூது இருக்கின்றது, ஆட்டபாட்டம் இருக்கின்றது, பணம் வீணாகின்றது, பெண்கள் வெளியே வருகின்றார்கள் என்று ஐந்து காரணங்களை ஒரே மூச்சில் அடுக்குகின்றார்கள். இவற்றுள் முதலிரண்டும் மெய். மூன்றாவது பெருமளவு மெய். நான்காவது ஆராயத்தக்கது. ஆனால் ஐந்தாவதுதான் அவர்களுடைய உள்ளத்தில் முதலாவதாக நிற்கும் காரணம் என்பது நம்முடைய கருத்து. அதை வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் வந்து விட்டது.

கப்பல் உலா இன்னதென்று அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஓரூரிலிருந்து மற்றோரூருக்குப் போய்ச் சேர்வதற்காக ஏறும் கப்பல் அன்று இது. கப்பலே விடுதி, கப்பலே உணவுச்சாலை, கப்பலே பொழுதுபோக்குக் கூடம். இரவில் ஓடிப் பகலில் ஒரு துறையில் நிற்கும். பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்திற்கே கொண்டு வந்து இறக்கி விடும். 2022 ஜூன் 4 அன்று தமிழக முதலமைச்சர் கொடியசைக்க, சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற கப்பல் புறப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். 1990இல் பிரான்ஸில் கட்டப்பட்டு, 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் அமெரிக்கப் பக்கத்துக் கடல்களில் ஓடிய பழைய கப்பல் அது. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் சென்றது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளில் நின்றது. கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் டன் கணக்கில் அது ஏறக்குறைய 48,500. மூழ்கிய டைட்டானிக் 46,000 சொச்சம். 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்பதோ 2,48,663, இருபது தளங்கள், நிறையும்போது 7,600 பயணிகள் தங்கலாம். நம் பகுதியின் சிற்றூர் ஒன்றினைத் தூக்கிக் கடலில் வைத்தாற்போல என்க.

'ஆம்பூர்க்காரருக்குக் கடல் எதற்கு?' என்று நகைப்பாரும் உளர். மெய்தான், நமக்குக் கடல் இல்லை. பாலாறு உண்டு, அதிலும் நீர் இல்லை. ஆயினும் நம் முன்னோர் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள், சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாக இலண்டனுக்குக் கப்பலேறிய காலம் தொட்டு, நம் வீட்டு அடுப்பு எரிந்தது கடலால்தான். நம் பெரியவர்கள் பம்பாய்க்கு இரயிலேறி, அங்கிருந்து முகல் லைன் கப்பல்களில் ஜித்தாவுக்குச் சென்று ஹஜ்ஜை முடித்து வந்தார்கள். இந்தியாவிலிருந்து கடல்வழி ஹஜ் பயணம் 1995இல்தான் நின்றது. நாகூர், நாகப்பட்டினம் பக்கத்து மக்கள் 'ரஜூலா'விலும் 'சிதம்பர'த்திலும் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த கதைகளும் நமக்குப் புதியன அல்ல. அந்தக் கப்பல்களில் எல்லாம் பெண்களும் இருந்தார்கள். தாயும் மகளும் தளத்தில் பாயை விரித்துப் படுத்து, அலை வீசும்போது திக்ரு செய்து கொண்டு போனார்கள். அன்று எவரும் அவர்களை நோக்கிக் கடல் உங்களுக்கு ஆகாது என்று சொல்லவில்லை.

இனி மார்க்கம் என்ன சொல்கின்றது என்பதைப் பார்ப்போம். மனிதருக்குப் பயன் தருவனவற்றைச் சுமந்து கடலில் செல்லும் கப்பலை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் பகரா அத்தியாயம் 164ஆம் வசனம் எண்ணுகின்றது. நஹ்லு அத்தியாயத்தின் 14ஆம் வசனம் இன்னும் நயமானது. கடல் மனிதனுக்கு வசப்படுத்தப்பட்டதன் காரணங்களைச் சொல்லும்போது, உண்ணும் உணவோடு அணியும் அணிகலனையும் சேர்த்தே அது சொல்கின்றது. அணிகலன் உயிர் பிழைக்கத் தேவையானதா? அன்று, அழகுக்கும் மகிழ்ச்சிக்கும் உரியது. ஆக, கடலிலிருந்து மகிழ்ச்சி பெறுவதும் அருட்கொடைகளுள் எண்ணப்பட்டிருக்கின்றது.

இங்கு அஃராஃப் அத்தியாயத்தின் 31, 32ஆம் வசனங்களை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். முன்னது, உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்னும் கருத்துடையது. பின்னது, இறைவன் தன் அடியார்க்கென வெளிப்படுத்திய அழகையும் நல்லனவற்றையும் விலக்கியவர் யார் என்று வினவுவது. தடுப்பவர்கள் 31ஐ ஓதி நிறுத்திக் கொள்கின்றார்கள். கொண்டாடுபவர்கள் 31ஐத் தாண்டி 32ஐ மட்டும் ஓதுகின்றார்கள். இறைவன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததன் கருத்தை இரு சாராரும் தவற விடுகின்றார்கள்.

பெண்களைப் பற்றிப் பேசுவோர் உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அம்மையாரின் வரலாற்றை ஏனோ மேடையில் சொல்வதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மையாரின் இல்லத்தில் கண்ணயர்ந்து, தம் சமுதாயத்தார் கடலேறிச் செல்வதைக் கனவில் கண்டு புன்னகையோடு விழித்தார்கள். தாமும் அவர்களுள் ஒருவராக வேண்டுமென்று துஆச் செய்யும்படி அம்மையார் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். 'பெண்ணுக்குக் கடலா?' என்று கேட்கவில்லை. உதுமான் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 28 வாக்கில், அம்மையார் தம் கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களோடு கப்பலேறிச் சைப்ரஸ் தீவை அடைந்தார். அங்கே வாகனத்திலிருந்து விழுந்து மறைந்தார். லார்னகா நகருக்கருகே உப்பு ஏரிக்கரையில் அவரது அடக்கத்தலம் இன்றும் இருக்கின்றது. புகாரியில் உள்ள செய்தி இது. ஓதிக் கொடுக்கும் ஆலிம்கள் அனைவரும் அறிந்ததே.

'அது அறப்போர், இது உல்லாசம், இரண்டும் ஒன்றா?' என்று கேட்பார்கள். ஒன்றல்ல. இரண்டையும் நாம் ஒன்றாக்கவும் இல்லை. கடலும் கப்பலும் பெண்ணுக்கு விலக்கப்பட்டன அல்ல என்ற அளவுக்கே இதைச் சான்றாக வைக்கின்றோம். உமர் (ரலி) அவர்கள் கடற்படையெடுப்புக்கு இசையவில்லையே என்றும் சொல்வார்கள். படைவீரரின் உயிருக்கு அஞ்சிய ஆட்சித் தலைவரின் முன்னெச்சரிக்கை அது. ஆண்களைத் தடுத்த அந்த எச்சரிக்கையைப் பெண்களுக்கு மட்டும் உரிய விலக்காகத் திருப்பிக் காட்டுவது கல்விக்கு அழகன்று.

மதுவையும் சூதையும் பற்றிய ஆட்சேபம் வலுவானது. அதைச் சிறிதாக்கிப் பேச நாம் விரும்பவில்லை. 2022இல் அந்த எம்ப்ரஸ் கப்பல் தன் நிலத்துக்கு வரப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. சூதாட்டம் பற்றிய எதிர்ப்பே அதற்குக் காரணம். பொதுவாக இக்கப்பல்களில் சூதாட்டக்கூடம் துறைமுகத்தில் மூடியிருக்கும். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தாண்டியதும் திறக்கும். நாட்டின் கடல் எல்லை அங்கே முடிகின்றது. சட்டத்தின் கை அதற்கப்பால் நீளாதாம். நம்முடைய ஷரீஅத்துக்குப் பன்னிரண்டு மைல் எல்லை கிடையாது என்பதை நினைவில் கொண்டவருக்கு அந்தக் கதவு திறந்தாலென்ன, மூடினாலென்ன?

'அவையெல்லாம் இருக்கும் கப்பலில் காலை வைப்பதே பாவம்' என்பது அடுத்த வாதம். அப்படியானால் ஸ்பெயினைச் சேர்ந்த இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களை என்ன செய்வது? 1183இல் ஸப்தா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவர்களின் கப்பலில் ஏறித்தான் அவர் அலெக்சாந்திரியாவை அடைந்தார்; அங்கிருந்து ஹஜ்ஜுக்குச் சென்றார். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆட்சியாளர் ஒருவரின் வற்புறுத்தலால் மது அருந்த நேர்ந்ததற்குப் பரிகாரமாகவே அவர் அந்த ஹஜ்ஜை மேற்கொண்டார் என்று வரலாறு கூறுகின்றது. மதுவுக்கு அவ்வளவு அஞ்சிய மனிதர், மதுவை விலக்காத மக்களின் கப்பலில் தம் ஒழுக்கத்தோடு பயணம் செய்தார். சென்னையிலிருந்து விமானமேறும் நம் வணிகர்களும் அப்படித்தானே செய்கின்றார்கள்? பக்கத்து இருக்கைக்காரர் குவளை கேட்டால், இவர் எழுந்து இறங்கி விடுவதில்லை.

கப்பல் என்பது வெறும் இரும்பு. அதனுள் என்ன வைப்பது என்று தீர்மானிப்பவர் மனிதர். இதற்கு ஒரு நல்ல சான்று அண்மையில் கிடைத்திருக்கின்றது. ஜெர்மனியில் ஒரே கட்டுமானத் தளத்தில், ஒரே அச்சில், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு கப்பல்கள் கட்டப்பட்டன. 2016இல் வந்தது 'கெண்டிங் டிரீம்'. 2017இல் வந்தது 'வேர்ல்ட் டிரீம்'. இரண்டும் 1,50,000 டன்னுக்கு மேல். மூத்தவள் 2022 முதல் சிங்கப்பூரிலிருந்து ஓடுகின்றாள். அவளிடம் ஹலால் உணவும் உண்டு, சூதாட்டக்கூடமும் உண்டு. இளையவளைச் சவூதி அரேபியா வாங்கி, 'அரோயா' என்று பெயர் மாற்றி, மதுவையும் சூதையும் அகற்றித் தொழுகையிடமும் பெண்களுக்குத் தனி இடங்களும் அமைத்து, 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து செலுத்தியது. நம் பாட்டன்மார் ஹஜ்ஜுக்கு இறங்கிய அதே ஜித்தா! ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகளான இந்த இரண்டில் குற்றம் எங்கே இருக்கின்றது என்று கண்டு கொள்வதற்குப் பெரிய ஃபத்வா வேண்டுமா?

முஸ்லிம்களின் கப்பல் என்று கேட்டவுடன் ஆராயாமல் ஏறவும் வேண்டா. 1880 ஜூலையில் 'ஜித்தா' என்ற பெயருடைய நீராவிக் கப்பல், ஏறக்குறைய ஆயிரம் ஹாஜிகளோடு பினாங்கிலிருந்து சென்றது. சிங்கப்பூரின் அரபு வணிகக் குடும்பம் ஒன்றுக்கு உரிய கப்பல். நடுக்கடலில் நீர் புகவே, மாலுமித் தலைவனும் அதிகாரிகளும் ஹாஜிகளை விட்டுவிட்டுப் படகில் தப்பி, ஏடனில் போய்க் கப்பல் மூழ்கி விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த நாளே மற்றொரு கப்பல் அதை இழுத்துக் கொண்டு துறைமுகத்துக்கு வந்தது. ஹாஜிகள் உயிரோடு இருந்தார்கள். பெயர் ஜித்தா, உரிமையாளர் முஸ்லிம், பயணம் ஹஜ்ஜு. ஆயினும் நடந்தது அதுதான்.

இப்பொழுது வீண்விரயத்துக்கு வருவோம். தோல் வணிகத்தில் வளர்ந்த குடும்பங்களின் ஆண்கள் மிலான் தோல் கண்காட்சிக்குச் செல்கின்றார்கள், ஹாங்காங் செல்கின்றார்கள், ஜெர்மனியில் வாடிக்கையாளரைப் பார்க்கின்றார்கள். அது தொழில், நாம் குறை சொல்லவில்லை. வேலை முடிந்த மறுநாள் ஏரிக்கரையைப் பார்க்கின்றார்கள். பனிமலையில் நின்று படம் எடுத்து அனுப்புகின்றார்கள். அதையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை ஆம்பூரில் பார்த்துக் கொண்டிருக்கும் மனைவி, 'நாமும் ஒருமுறை கடலைப் பார்த்து வரலாமா?' என்று கேட்டவுடன் மட்டும் வீட்டில் ஷரீஅத் விழித்துக் கொள்கின்றதே, அது எப்படி? திருமணத்தில் ஆயிரம் பேருக்கு, ஈராயிரம் பேருக்குப் பிரியாணி ஆக்கி, தாலாக்களில் மிஞ்சியதை விடியற்காலையில் கொட்டும்போது இஸ்ராஃப் என்ற அரபுச் சொல் ஒருவர் வாயிலும் வருவதில்லை. அந்தப் பிரியாணிக்கு முதல்நாள் முதற்கொண்டு வெங்காயம் உரித்த கைகளுக்கு நான்கு நாள் ஓய்வு என்றால், உடனே ஏழைகளின் நினைவு வந்து விடுகின்றது.

ஏழைகளின் நினைவு நல்லதுதான். ஸகாத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள், ஸதகாவும் கொடுங்கள். அதைக் கொடுத்த பிறகு மிஞ்சும் ஹலாலான பொருளில், கடன் படாமல், வீட்டாரை மகிழ்விப்பது வீண் அன்று. குடும்பத்தாருக்குச் செலவிடுவதற்கும் நன்மை உண்டென்று ஹதீஸ்கள் இருக்கின்றன அல்லவா?

'அந்தப் பணத்தில் ஓர் உம்ராவாவது செய்யலாமே' என்பார்கள். செய்யலாம், செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்யட்டும். ஆனால் இன்று ஆண்டுதோறும் நடப்பது என்ன? ஹரமுக்கு எதிரே எந்த விடுதி, காலை உணவில் எத்தனை வகை, திரும்பும்போது துபாயில் எத்தனை நாள் என்று பேரம் பேசிப் போகின்ற பயணத்துக்கு உம்ரா என்று பெயர் வைக்கின்றார்கள். உல்லாசத்தை உம்ராவுக்குள் மறைத்து வைப்பதைக் காட்டிலும், உல்லாசத்தை உல்லாசம் என்றே சொல்லிச் செல்வது நேர்மையானது. உம்ராவின் மாண்புக்கும் அதுவே பாதுகாப்பு. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இன்று காலணித் தொழிலில் இருப்பவர், சென்ற ஆண்டு வந்து இதே கேள்வியைக் கேட்டார். யாருக்காகப் போகின்றீர்கள் என்று கேட்டோம். "அம்மாவுக்காக, ஹஜ்ரத்" என்றார். அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில், முதலில் மாமியாரையும் பிறகு படுத்த படுக்கையான கணவரையும் பார்த்தவர். கணவரின் இத்தா முடிந்து ஓராண்டு ஆகின்றது. ஏதேனும் வேண்டுமா என்று மகன் கேட்டதற்கு, "ஒருநாள் பூரா யாருக்கும் சோறு வடிக்காம இருந்து பாக்கணும்பா" என்றாராம். நாம் மாணவரிடம் கிதாபு எதையும் புரட்டிக் காட்டவில்லை. எந்தக் கப்பல், எந்த மாதம், என்ன அறை என்றுதான் விசாரித்தோம்.

இந்த விசாரணைதான் முக்கியமானது. தடுப்பவர்களைக் கண்டித்தோம் என்பதற்காக, கண்ணை மூடிக் கொண்டு ஏறுபவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 'இப்பொழுது போங்கள், பிறகு தவணையில் கட்டுங்கள்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வட்டிக்குக் கடன் வாங்கிப் போகின்றவர், ஏறிய பின்பு மதுக்கூடத்தின் பக்கம் திரும்பாமலிருந்து பயன் என்ன? வட்டியை வீட்டு வாசலிலேயே தோளில் ஏற்றிக் கொண்டு விட்டாரே! சூதாட்டக்கூடத்தில் 'சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்' என்று நுழையும் இளைஞர்களும் உண்டு. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கின்றது? எல்லாம் விலையில் அடங்கியதுதானே என்று தட்டில் மலைபோல் குவித்து, பாதியை விட்டு எழுவோர் 31ஆம் வசனத்தை மறந்தவர்கள்.

விலையைப் பற்றியும் ஏமாறக் கூடாது. விளம்பரத்தில் காண்பது பெரும்பாலும் சன்னலற்ற உள்ளறையின் கட்டணம். ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில், தலைக்கு இவ்வளவு என்பது. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர் அன்பளிப்பு, கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு ஆகியவை பின்னால் வந்து சேரும். எல்லாவற்றையும் கூட்டி எழுதி வாங்கிக் கொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

உள்ளறையா, சன்னல் அறையா, பால்கனி அறையா என்பது நம்மவர்களுக்குக் கௌரவப் பிரச்சினையாகத் தோன்றுகின்றது. அப்படியன்று. கோஷாப் பெண்களுக்குப் பால்கனி அறையின் மதிப்பே வேறு. பொதுத் தளத்தில் நூறு கண்களுக்கு நடுவே, முக்காட்டை இழுத்துப் பிடித்துக் கொண்டு கடலைப் பார்ப்பது ஓய்வாகாது. தன் அறைக்கு வெளியே நான்கடி இடத்தில் நாற்காலி போட்டு, காற்று முகத்தில் பட, பிற ஆடவர் பார்வையின்றி ஒரு பெண் உட்கார முடியுமானால், கூடுதல் பணத்தை அதற்குத்தான் கொடுக்க வேண்டும். நாள்களில் ஒன்றைக் குறைத்தேனும் கொடுக்க வேண்டும். பக்கத்து பால்கனியோடு தடுப்பு முழுமையாக இருக்கின்றதா என்றும் கேட்டுக் கொள்க. தலைசுற்றலுக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்து அறையைக் கேட்டுப் பெறுவார்களாக. அங்கே ஆட்டம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் புயற்காலம். தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பைப் பக்கத்து அரபிக்கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களில் எம்ப்ரஸ் சென்னைப் பக்கம் வந்ததற்கு அதுவே காரணம்.

தொழுகை பற்றிப் பலர் அஞ்சுகின்றார்கள். அஞ்ச வேண்டுவதில்லை, நம் ஃபிக்ஹு நூல்கள் கப்பலுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கின்றன. பயண தூரம் இருக்குமானால் கஸ்ரு உண்டு. ஓடும் கப்பலில் நின்று தொழ முடிந்தவர் நின்றே தொழ வேண்டும் என்பது இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் உட்கார்ந்து தொழவும் இடம் தருகின்றார்கள். தொழுகையின் நடுவே கப்பல் திரும்பினால், நாமும் கிப்லாவை நோக்கித் திரும்பிக் கொள்ள வேண்டும். உணவில், இறைச்சி ஹலாலானதா என்பதோடு, சமையலில் மது சேர்க்கின்றார்களா, இனிப்புகளில் எந்த விலங்கின் ஜெலட்டின் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுக. மீன் இருக்கவே இருக்கின்றது. நண்டும் கணவாயும் ஹனஃபிகளுக்கு ஆகா. ஷாஃபி நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து சுவைப்பதைப் பார்த்துப் பொறுத்துக் கொள்ள வேண்டியதுதான். இறாலைப் பற்றி நம் ஆலிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதால், அந்தச் சண்டையைக் கப்பலில் தொடங்க வேண்டா.

மற்றொன்றை நம் பகுதி மக்களே முதலில் கேட்க வேண்டும். கப்பலின் கழிவு எங்கே போகின்றது? பன்னாட்டு விதிப்படி, அரைத்துக் கிருமி நீக்கிய சாக்கடை நீரைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், சுத்திகரிக்காததை 12 கடல் மைலுக்கு அப்பாலும் விடலாம். பிளாஸ்டிக்கை எங்குமே எறியக் கூடாது. விதியோடு நில்லாமல் நல்ல சுத்திகரிப்பு அமைப்பு வைத்திருக்கும் கப்பல்களும் உண்டு. பழைய முறையோடு ஓடுபவையும் உண்டு. எது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை மட்டுமன்று, கடமையும் இருக்கின்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்பளித்தபோது, தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்பதைப் பதிவு செய்தது. 2025 ஜனவரியிலும் பாலாற்றைப் பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்தது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் விட்டால் கழிவு இல்லாமற் போய்விடும் என்று எண்ணியதன் விளைவை நம் கிணறுகளில் சுவைத்தவர்கள் நாம். நாயகம் (ஸல்) அவர்கள் தூய்மையானது என்று அறிவித்த நீர் கடல்நீர். அந்த நீரின்மேல் உலாப் போகின்றவர் அதை மறக்கலாமா?

அறையைத் துடைத்து, விரிப்பு மாற்றும் ஊழியரையும் மறக்க வேண்டா. அவர் பெரும்பாலும் இந்தோனேசியராகவோ பிலிப்பைன்ஸ் நாட்டவராகவோ நம் நாட்டு இளைஞராகவோ இருப்பார். கப்பலின் கொடியோ பஹாமாஸ், பனாமா போன்ற நாட்டினுடையதாக இருக்கும். பன்னாட்டுக் கடல்தொழிலாளர் ஒப்பந்தமே அவருக்கு நாளில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வைத்தான் உறுதி செய்கின்றது. அப்படியானால் வேலை எவ்வளவு என்று எண்ணிக் கொள்க. ஷூ கம்பெனிக்கு விடியலில் வேன் ஏறும் பெண்களை நாள்தோறும் பார்க்கின்ற ஊர் நம் ஊர். நம் வீட்டுப் பெண்கள் ஓய்வு கொள்ளும்போது, அந்த ஓய்வை உழைத்துத் தருபவரிடம் ஸலாமும் இன்சொல்லும் நியாயமான அன்பளிப்பும் இருக்கட்டும்.

கரையில் இறங்கும்போது கடைவீதியோடு திரும்பி விடாதீர்கள். காங்கேசன்துறையில் நிற்கும் கப்பலானால், அங்கிருந்து யாழ்ப்பாணம் அருகில்தான். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒரே அடியாக வெளியேற்றப்பட்ட கதை நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. சோனகர் தெருவில் ஒரு வக்துத் தொழுது, திரும்பி வந்து வாழ்பவர்களிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். தமிழ் பேசும் முஸ்லிம்கள் அவர்கள். உங்களைக் கண்டால் மகிழ்வார்கள்.

நாட்டின் எல்லைக்குள்ளேயே சுற்றி வரும் கப்பலுக்கு அடையாள அட்டை போதும். வெளிநாட்டுத் துறைக்குச் செல்வதானால் பாஸ்போர்ட் வேண்டும். அதில் ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். இங்குதான் ஒரு சிறு சோதனையை நம் வாசகர்கள் தத்தம் வீட்டில் நடத்திப் பார்க்கும்படி கேட்டுக் கொள்கின்றோம். பீரோவைத் திறந்து பாருங்கள். வீட்டுத் தலைவரின் பாஸ்போர்ட் மூன்றாவது புத்தகமாக இருக்கும். பழைய இரண்டும் முத்திரைகளோடு ரப்பர் வளையத்தில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். மகனுடையது இருக்கும். வீட்டு அம்மாவுடையது இருக்கின்றதா? இருந்தால், ஹஜ்ஜுக்காக எடுத்து, எந்த ஆண்டு காலாவதியானது என்பதையும் பாருங்கள். வேலூர் அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கின்றது. காலையில் பஸ் ஏறினால் அஸருக்குள் வீடு திரும்பலாம்.